பன்றிக்குக் கட்டிய மணி

பயந்த சுபாவக்காரர்களால் சும்மா உட்கார்ந்து பயப்பட முடியாது. பயப்படும்போது கைக்கு ஏதாவது வேலை வேண்டும். சிலர் நகம் கடிப்பார்கள். சிலர் கையில் கயிறு கட்டிக்கொள்வார்கள். நான் ஆணி அடிப்பேன்.

பெயர் சாந்தி. (வைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பெயர் வைத்த அன்று நான் தூங்கிக்கொண்டிருந்தேனாம்.) பொகவந்தலாவையிலிருந்து வளைந்து வளைந்து மேலே ஏறுகிற பாதையில், பஸ் மூச்சு வாங்கி நிற்கிற இடத்தில் எங்கள் தோட்டம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனவள் நான். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு டீச்சரைத் தூரத்தில் பார்த்துப் பயந்ததுதான் காரணம் என்று வீட்டில் சொல்வார்கள். அது முழு உண்மையில்லை. பாதி உண்மை.

மழை பெய்தால் மண் சரிந்துவிடுமோ என்று எனக்குப் பயம். பெய்யாவிட்டால் பீலியில் தண்ணீர் நின்றுவிடுமோ என்று பயம். (பீலி என்பது மலை ஊற்றுத் தண்ணீர் குழாயில் வந்து விழுகிற இடம். குடிக்க, குளிக்க, சண்டை போட, எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு இடம்தான்.) இதையெல்லாம் விடப் பெரிய பயம் ஒன்று உண்டு. ஒரு பொருளைத் தூக்கிப் போட்டால், மறுநாள் காலையில் அதுதான் தேவைப்படும் என்ற பயம். அதனால் நான் எதையும் தூக்கிப் போடுவதில்லை. மற்றவர்கள் தூக்கிப் போட்டதையும் விடுவதில்லை.

உர பேக்கில் உருளைக்கிழங்கு போட்டேன். கிழிந்த பூட்ஸில் புதினா வைத்தேன். துணி போன குடைக் கம்பியில் போஞ்சிக் கொடி ஏறியது. எரிந்துபோன ரைஸ் குக்கரில் கொத்தமல்லி வளர்ந்தது. படம் வராத பழைய பெட்டி டீவியின் வயிற்றைச் சுத்தம் பண்ணிக் கோழிக்கு வீடாக்கினேன். கோழி அதற்குள் உட்கார்ந்து வெளியே பார்க்கும், நாங்கள் முன்வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து கோழியைப் பார்ப்போம். (செய்தி வாசிக்கிற மாதிரியே தலையைத் திருப்பும்.)

தோட்டத்து மேனேஜர் பெரிய தொரையின் பங்களாவில் பாத்ரூமை இடித்துக் கட்டியபோது, விரிசல் விட்டுவிட்டதென்று ஒரு வெள்ளைக் கொமட்டை வெளியே போட்டார்கள். கேட்டு வாங்கி வந்து, வாசலில் வைத்து, அதில் ஸ்ட்ரோபரி நட்டேன். சிவக்கச் சிவக்கக் காய்த்துத் தொங்கும். ஆனால் லயத்தில் ஒருவர்கூட ஒரு பழம் பறித்துத் தின்றதில்லை.

அதை ஏற்றி வந்தது என் வீட்டுக்காரர் கணேசனின் ஆட்டோவில். பஜாரில் ஓட்டுகிறார். ஏற்றும்போது எதுவும் சொல்லாத மனிதர், இறக்கி வைத்த பிறகுதான் ஆரம்பித்தார்.

"ஏன்டி, பாக்குறவன் என்னா நெனப்பான்? கக்கூச வாசல்ல வச்சிருக்க!"

"பூச்சட்டிங்க அது."

"பூச்சட்டிக்கு எதுக்குடி மூடி?"

பலத்த மழை வந்தால் பழம் அழுகாமல் மூடிவைக்க அது எவ்வளவு வசதி என்பதை அவருக்கு இன்றுவரை என்னால் புரியவைக்க முடியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தோட்டத்தில் வீட்டுத்தோட்டப் போட்டி அறிவித்தார்கள். சாமான் விலையெல்லாம் மலையேறிக் கிடந்த காலம். காசு செலவழிக்காமல், வீட்டில் வீணாகக் கிடக்கிற பொருட்களை வைத்துத் தோட்டம் போட வேண்டும். முதல் பரிசு ஒரு கறுப்புத் தண்ணீர் டேங்க்.

டேங்க் என்று கேட்டதும் போய்ப் பெயர் கொடுத்துவிட்டேன். கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டால், தை மாசி மாதங்களில் பீலி நூல் மாதிரி ஒழுகுகிறபோது குடத்தோடு வரிசையில் நிற்க வேண்டாம். ஒரு பயம் மொத்தமாகக் குறையும். அந்த இடத்தில் வேறு பயத்தை வைத்துக்கொள்ளலாம்.

"கெடைச்சா மாதிரிதான்," என்றார் கணேசன். "சரி, ஒரு பேச்சு பேசிக்குவோம். டேங்க் வந்துச்சுன்னா, இனிமே ஒன் சாமானக் குப்பைன்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டேன். வரலேன்னா பழைய சாமான் வாங்குற போத்தல்காரனக் கூட்டியாந்து மொத்தத்தையும் லொறியில ஏத்திருவேன். மொதல்ல அந்தக் கக்கூசு."

"சரி," என்றேன்.

"நான் சாட்சி!" என்று பக்கத்துக் காம்பராவிலிருந்து குரல் வந்தது. ராஜேஸ்வரி அக்கா. எங்கள் இரண்டு அறைக்கும் நடுவில் இருப்பது ஒரு சுவர். அக்காவின் காதுக்கு அது ஒரு பொருட்டில்லை. அவரும் போட்டியில் இருந்தார். அவர் தோட்டத்தில் லீக்ஸ், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நேர் வரிசையில் நிற்கும். அவ்வளவுதான். வீணாய்ப் போன பொருள் என்று அவர் வைத்திருந்தது ஒரே ஒரு ஓட்டை வாளி. அதுவும் என்னிடம் வாங்கியது.

என் தோட்டத்துக்கு ஆபத்து ராஜேஸ்வரி அக்காவால் வரவில்லை. காட்டுப்பன்றியால் வந்தது. என் உருளைக்கிழங்கு விளைந்துவிட்டது என்பது எனக்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடும். நடுவர்கள் வருவதற்கு முதல் நாள் பன்றி வந்து மொத்தத்தையும் கிண்டிவிட்டுப் போனால்? இந்த நினைப்பு வந்த பிறகு கை ஆணியைத் தேடியது.

இங்கே ஒரு மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வருஷம் எங்கள் லயத்தில் மண்சரிவுக் கமிட்டி ஒன்று போட்டிருந்தோம். தலைவர் எதிர் லயத்து மாரிமுத்து அண்ணன். ("பயப்படுற ஆளு ஒண்ணாவது உள்ள இருக்கணும்" என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்.) பழைய தேயிலை பக்டரியில் கிடந்த தண்டவாளத்தில் ஒரு துண்டை வெட்டி, அம்மன் கோவில் சவுக்கு மரத்தில் தொங்கவிட்டோம். மண் சரியும் போலிருந்தால் மாரிமுத்து அண்ணன் அதை விடாமல் அடிப்பார். சத்தம் கேட்டால் எல்லாரும் போட்டது போட்டபடி மேட்டில் இருக்கிற பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போய்விட வேண்டும். 'நிக்காம அடிச்சா நிக்காம ஓடு' என்பது எங்கள் கமிட்டியின் வாசகம். கண்டுபிடித்தது நான்.

ஒத்திகையும் வைத்தோம். மாரிமுத்து அண்ணன் தோள் கழன்று விழுகிற மாதிரி அடித்தார். மண்டபத்துக்கு வந்தது நானும் ஒரு நாயும். கணேசன் தூங்கிக்கொண்டிருந்தார். ராஜேஸ்வரி அக்கா தலையை மட்டும் வெளியே நீட்டி, "சாந்தி, கல்லுல ரொட்டி கெடக்கு. மண்ண கொஞ்சம் நின்னு வரச் சொல்லு" என்றார். அன்றிலிருந்து நான் பார்க்கிற ஆளிடமெல்லாம், மணி கேட்டால் யோசிக்கக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, ஓட வேண்டும் என்று ஓதிக்கொண்டே இருந்தேன்.

அந்தத் தண்டவாளத்தை அளவுக்கு வெட்டிய பிறகு மிச்சத் துண்டு ஒன்று புல்லில் கிடந்தது. கிடந்த பொருள் எங்கே வந்து சேரும் என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

அதை எடுத்து உருளைக்கிழங்குப் பாத்திக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டேன். அதன் முன்னால் ஒரு மூங்கில் கழியைச் சீசோ மாதிரி நிறுத்தினேன். கழியின் ஒரு நுனியில் கோவிலுக்குச் சாயம் பூசி முடித்த பெயின்ட் டின். மறு நுனியில் பிடி உடைந்த சுத்தியலின் தலை. பீலியில் மிஞ்சி வழிகிற தண்ணீரை ஒரு கிழிந்த ஹோஸ் வழியாக டின்னுக்குக் கொண்டுவந்தேன். டின் நிறைந்தால் சாயும். சாய்ந்தால் தண்ணீர் கொட்டும். கொட்டியதும் டின் மேலே எகிற, சுத்தியல் கீழே வந்து தண்டவாளத்தில் அடிக்கும். தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருவதால் எப்போதோ ஒரு அடிதான் விழும். எப்போது விழும் என்று பன்றிக்குத் தெரியாது. பன்றியும் என்னை மாதிரிப் பயத்திலேயே இருக்கும்.

ஆனால் ராஜேஸ்வரி அக்காவின் தூக்கம் கெட்டால் என் நிம்மதி கெடுமே. அதனால் கட்டிய அன்றே சுத்தியல் தலையில் ஒரு பழைய துவாய்த் துண்டைச் சுற்றிவிட்டேன். 'டங்' என்று வர வேண்டியது 'தொம்' என்று வந்தது. "பன்னிக்குத் தாலாட்டுப் பாடுறியா?" என்றார் கணேசன். பன்றியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. வந்து, தாளத்துக்குச் சாப்பிட்டுவிட்டு, போய்க்கொண்டிருந்தது. மிஞ்சிய கிழங்கை வைத்துத்தான் போட்டியில் நின்றேன்.

போட்டி அன்று காலையில் என் பயங்கள் முறை வைத்து வந்தன. நடுவர்கள் வந்து நிற்கிற நேரத்தில் டின் நிறையாவிட்டால் என்ன செய்வது? மெதுவாகச் சொட்டுகிறதைப் பார்த்து அலுத்துப்போய்ப் போய்விட்டால்? உடனே ஏணி வைத்து ஏறி, கூரைத் தகரத்தின் ஓரத்தில் பிளந்த பிளாஸ்டிக் பைப் ஒன்றைக் கட்டி, அதன் வாயை நேராக டின்னுக்குத் திருப்பினேன். ஒரு சின்னத் தூறல் வந்தாலும் போதும், டின் சட்டென்று நிறையும். அடுத்த பயம், அடித்தாலும் 'தொம்' என்றுதானே கேட்கும், நடுவருக்கு என்ன மரியாதை? துவாயைக் கழற்றித் துவைத்துக் காயப்போட்டேன்.

இரண்டு பயத்தையும் சரிசெய்துவிட்ட திருப்தியில் தலைசீவிப் பொட்டு வைத்துக்கொண்டேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நடுவர்கள் வந்தார்கள். ஒருவர் விவசாயக் காரியாலயத்துச் சிங்கள மிஸ். தமிழ் பாதி புரியும், கால்வாசி பேசுவார். மற்றவர் எங்கள் தோட்டத்தில் தொழிலாளர் நலன் பார்க்கிற வெல்பெயார் ஐயா. முதலில் ராஜேஸ்வரி அக்கா வீடு. நானும் உதவி செய்கிற சாக்கில் அங்கே போய் நின்றுகொண்டேன். (வேவு பார்க்க அல்ல. சரி, வேவு பார்க்கத்தான்.) மிஸ் லீக்ஸ் வரிசையைப் பார்த்து "ஹரி ஷோக்" என்றார். ரொம்ப நன்றாக இருக்கிறதாம். அந்த ஓட்டை வாளியைப் பார்த்தும் "ஹரி ஷோக்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

அப்போது தூறல் விழுந்தது. "மழ விட்டதும் பக்கத்து வூட்டுக்குப் போவோம் மிஸ்," என்று ராஜேஸ்வரி அக்கா அவர்களைச் செருப்பைக் கழற்றவைத்து உள்ளே உட்காரவைத்தார். தேத்தண்ணியும் வடையும் கொடுத்தார். வடைத் தட்டை என் கையில் தந்து, "நீட்டு சாந்தி" என்றார். நீட்டினேன்.

மழை கொட்டியது. எங்கள் பக்கத்து மழையைத் தெரியாதவர்களுக்கு: தகரக் கூரைக்கு மேலே யாரோ லொறி லொறியாகச் சல்லிக்கல் கொட்டுகிற மாதிரி இருக்கும். பேச்சே கேட்காது.

அந்த இரைச்சலுக்குள்ளே ஒரு சத்தம்.

டங். டங். டங். டங் டங் டங் டங் டங்.

விடாமல் அடிக்கிறது. மாரிமுத்து அண்ணன் அடிக்கிறார்! நான் வருஷக்கணக்காக எதிர்பார்த்துக் காத்திருந்த நாள் வந்துவிட்டது. (இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் உள்ளே எங்கேயோ, 'நான் சொன்னேனா இல்லையா' என்று ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது.)

"மண்ணு வருது! ஓடுங்க! யோசிக்காதீங்க! நிக்காம ஓடுங்க!"

மிஸ்ஸின் கையைப் பிடித்து இழுத்தேன். "மகே செரெப்பு! மகே செரெப்பு!" என்று அவர் தன் செருப்புக்காகக் கத்தியதை நான் காதில் வாங்கவில்லை. வெறுங்காலோடு தேயிலைக்கு நடுவில் குறுக்குப்பாதையில் அவரை இழுத்துக்கொண்டு ஏறினேன். வெல்பெயார் ஐயா வாயில் வடையோடு பின்னால் வந்தார். "சாந்தி ஓடுறா! சாந்தி ஓடுறா!" என்று லயம் முழுவதும் கதவுகள் திறந்தன. ஒத்திகைக்கு எட்டிப் பார்க்காதவர்கள், ரொட்டி கருகும் என்றவர்கள், எல்லாரும் வந்தார்கள். கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், சாமி படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த கணேசன், எங்கள் வீட்டு நல்ல டீவியைப் போர்வையில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்.

மண்டபத்துக்கு வந்துதான் என் கையைப் பார்த்தேன். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, டோர்ச், பிஸ்கட் எல்லாம் போட்டு ஒரு பையைக் கதவுக்குப் பின்னால் இதற்காகவே தொங்கவிட்டிருந்தேன். அந்தப் பை இன்னும் கதவுக்குப் பின்னால்தான் இருந்தது. என் கையில் இருந்தது வடைத் தட்டு. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாருக்கும் நீட்டினேன்.

கீழே சத்தம் நிற்கவில்லை. டங் டங் டங் டங்.

"பாவம் மாரிமுத்து அண்ணன்," என்றேன். "நம்மள எல்லாம் அனுப்பிட்டு அங்கேயே நின்னு அடிக்கிறாரே."

"நான் இங்கதான் நிக்கிறேன்," என்றது ஒரு குரல்.

மாரிமுத்து அண்ணன். பாதி முகத்தில் சவர்க்கார நுரை. கையில் சவரக் கத்தி.

"அண்ணே! அப்ப அங்க அடிக்கிறது யாரு?" என்றார் ராஜேஸ்வரி அக்கா.

"எனக்கு என்னா தெரியும்? மொகம் வழிச்சிக்கிட்டு இருந்தேன். சத்தம் கேட்டுச்சு. பாத்தா சாந்தி ஓடுது. நானும் ஓடியாந்துட்டேன்."

லயத்தில் ஒரு ஆள் மிச்சமில்லை. மணி மட்டும் அடிக்கிறது.

"ஆத்தாவே அடிக்கிறா," என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். அவ்வளவுதான், ஒவ்வொருவராகக் கை குவித்தார்கள். நானும் கண்ணை மூடி, மனம் உருகிக் கும்பிட்டேன். என் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. (பெயின்ட் டின்னைக் கும்பிட்டு அழுத ஒரே ஆள் இந்த நாட்டில் நானாகத்தான் இருக்க வேண்டும்.)

மழை மெல்ல ஓய ஆரம்பித்தது.

டங் டங். டங். டங்.

மாரிமுத்து அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டார். "பாத்தீங்களா, மழ கொறையக் கொறைய ஆத்தாவும் மெதுவா அடிக்கிறா."

டங்.

கணேசன் டீவியைக் கீழே வைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சாந்தி."

"என்னாங்க?"

"அந்தப் பன்னிச் சாமான்ல சுத்தியிருந்த துவாயக் கழட்டுனியா?"

எனக்காகக் கீழேயிருந்து கடைசியாக ஒரு பதில் வந்தது. டங்.

முதலில் சிரித்தது ராஜேஸ்வரி அக்கா. சுவரில் சாய்ந்து, சரிந்து, தரையில் உட்கார்ந்து சிரித்தார். வெல்பெயார் ஐயா சிங்களத்தில் மிஸ்ஸுக்கு விளக்கினார், ஒரு கையை டின்னாகவும் மறு கையைச் சுத்தியலாகவும் வைத்துக்கொண்டு. மிஸ் தன் காலைப் பார்த்தார். சேறு பூசிய பாதத்தில் அட்டை ஒன்று நிம்மதியாக ரத்தம் குடித்துக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"பன்னிக்கா?" என்றார், சுத்தத் தமிழில்.

"ஆமா மிஸ்."

அவரும் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு நின்று பேச்சு வர வெகுநேரம் ஆனது. மாரிமுத்து அண்ணன் மட்டும் சிரிக்காமல் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்துவிட்டு, "ஒரு ஆளு கொறையல. இதுக்குப் பேருதான் ஒத்திக," என்றார். ஆனால் ஒத்திகைக்கு டேங்க் கொடுக்க மாட்டார்களே. கண்ணால் பார்த்த தோட்டத்துக்குத்தான் புள்ளி போட முடியும், காதால் கேட்ட தோட்டத்துக்குப் போட முடியாது என்று மிஸ் ரொம்ப வருத்தப்பட்டுச் சொன்னார். அட்டை கடித்த காலோடு என் தோட்டத்துக்கு அவர் வரவில்லை. அதற்காக நான் அவரைக் குறை சொல்லவில்லை.

டேங்க் ராஜேஸ்வரி அக்காவுக்குப் போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணேசன் பேச்சுத் தவறாமல் போத்தல்காரரைக் கூட்டி வந்துவிட்டார். முதலில் கொமட். ஸ்ட்ரோபரியோடு அது லொறியில் ஏறியதைப் பார்க்க முடியாமல் நான் கோழி டீவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். குடைக் கம்பி போனது. பூட்ஸ் போனது. கூரையிலிருந்து அந்தப் பிளந்த பைப்பைக் கழற்றிக் கணேசன் லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கதவு படீரென்று திறந்தது.

"தம்பி! அந்த பைப்ப ஏத்துன, கைய ஒடிச்சிருவேன்!"

"அக்கா, பேச்சுன்னா பேச்சு. நீங்கதானே சாட்சி."

"சாட்சிதான் சொல்றேன், எறக்கு. டேங்கக் குடுத்தாங்களே, அதுக்குத் தண்ணி வர்ற வழியக் குடுத்தாங்களா? என் கூரையில பெய்யிற மழ, வழி கேட்டுக்கிட்டுத் தானா போயி டேங்குல விழுமா?"

பைப் இறங்கியது. "டேங்குக்கு அடியில வைக்க என்னா இருக்கு சாந்தி?" என்றார் அக்கா. பழைய டயர் இருந்தது. இறக்கினோம். இலை விழாமல் வாயில் கட்ட? கிழிந்த நுளம்பு வலை. இறக்கினோம். வழிகிற தண்ணீரைத் திருப்பி விட ஹோஸ். இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, லொறியில் ஏறியதெல்லாம் ஏறிய வழியிலேயே இறங்கியது. கடைசியாக மிஞ்சியது கொமட். ராஜேஸ்வரி அக்கா அதை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"எதுக்கும் இருக்கட்டும் தம்பி. அதையும் எறக்கு."

போத்தல்காரரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று, கணேசனின் பழைய ஆட்டோ சீட்டை அக்காவே ஏற்றிவிட்டார்.

இன்று அந்த டேங்கிலிருந்து இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் வருகிறது. மிச்சத் தண்டவாளத்தை மாரிமுத்து அண்ணன் கீழ் லயத்துக்கு இரண்டாவது மணியாகக் கொண்டுபோய்விட்டார். அதன் பக்கத்தில் நான் டின்னோடு போகக் கூடாது என்பது கமிட்டித் தீர்மானம். வீட்டில் போன் அடித்தால், கோவிலில் பூசாரி மணியாட்டினால், பந்தியில் யாராவது டம்ளரில் கரண்டி தட்டினால்கூட, "சாந்தி, துவாயக் கழட்டிட்டியா?" என்று ஒரு குரல் வரும். பழகிவிட்டது.

பழகாத விஷயம் ஒன்று உண்டு. இப்போது மழை பலமாகப் பிடித்தால் எங்கள் பக்கத்தில் யாரும் மணிக்காகக் காத்திருப்பதில்லை. கதவைத் திறந்து எங்கள் இஸ்தோப்பைப் பார்க்கிறார்கள். "சாந்தி இன்னும் நிக்கிறா, ரொட்டியப் போடு," என்று உள்ளே போய்விடுகிறார்கள். அதனால் மழை நாட்களில் நான் எங்கே போனாலும் மெதுவாகத்தான் நடக்கிறேன்.

போன மாதம் அடுப்பில் பால் பொங்கிவிட்டதென்று கொஞ்சம் வேகமாகத் திரும்பிவிட்டேன். எதிர் லயத்திலிருந்து மாரிமுத்து அண்ணன் பாதி முகத்தில் நுரையோடு வெளியே வந்துவிட்டார்.